வீட்டில் டார்ச் வைத்து வெள்ளி பற்றவைக்க அடியில் எந்தக் கல் போடுவது?

வெள்ளிக்கம்பி, சென்னை

வணக்கம். வெள்ளிக் கம்பியில் மோதிரம், தோடு செய்யக் கற்றுக்கொண்டு வருகிறேன். வகுப்பில் மேசை, கல், தட்டு எல்லாம் அவர்களே அமைத்து வைத்திருந்தார்கள். நாம் போய் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினால் போதும். இப்போது வீட்டிலேயே செய்யலாம் என்று கையடக்கமான பியூட்டேன் டார்ச் ஒன்று வாங்கியிருக்கிறேன். அடுக்ககத்தில் இரண்டாம் மாடி எங்கள் வீடு.

அடியில் என்ன போடுவது என்பதுதான் குழப்பம். சமையல் மேடை கருப்பு கிரானைட். "கல்தானே, அதிலேயே வைத்துச் செய்" என்கிறார் அத்தை. பரணில் மிச்சப்பட்ட விட்ரிஃபைட் டைல்ஸ் கொஞ்சம் கிடக்கிறது. இணையக் கடைகளில் 'வெப்பம் தாங்கும்' என்று போட்டு சிலிகான் விரிப்பிலிருந்து செராமிக் பலகை வரை விற்கிறார்கள். எதை நம்புவது என்று தெரியவில்லை. நான் செய்யும் பொருள் எதுவும் பத்து கிராமைத் தாண்டாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

உமியோடு, கோயம்புத்தூர்

மேடையில் நேரடியாக வேண்டாம். கல் எரியாது, இந்தச் சூட்டில் உருகவும் உருகாது. ஆனால் விரியும். டார்ச் படுகிற இடம் ஓர் அங்குல வட்டம்தான். அந்த இடம் மட்டும் சில நிமிடத்தில் பல நூறு டிகிரி ஏறும், சுற்றியுள்ள கல் குளிர்ந்தே இருக்கும். சூடான பகுதி விரியப் பார்க்கும், குளிர்ந்த பகுதி விடாது. விரிசல் அங்கேதான் தொடங்குகிறது. கிரானைட்டில் குவார்ட்ஸ் வேறு இருக்கிறது. 573 டிகிரியில் குவார்ட்ஸின் உள்ளமைப்பே மாறிச் சட்டென்று பருக்கும். மேடைக்கு கடப்பா கல் போட்ட வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். அது சுண்ணாம்புக்கல், அடுக்கடுக்காகப் படிந்து உருவானது. ஓரிடத்தில் சுட்டால் செதில் செதிலாகத் தெறிக்கும்.

விட்ரிஃபைட் டைல்ஸும் ஆகாது. மெல்லியது, நுண்துளையே இல்லாமல் இறுகியது. நடுவில் தீ, ஓரத்தில் குளிர்ச்சி என்றால் பட்டென்று பிளக்கும், சில்லு முகத்துக்கு வரும். சிமென்ட் தரை என்றால் உள்ளே ஈரம் இருக்கும். அது ஆவியாகி வெளியேற வழியில்லாமல் மேற்பரப்பைப் பெயர்த்துக்கொண்டு வரும். மொட்டைமாடித் தரையில் வைத்து ஊதலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதுதான் பதில். சிலிகான் விரிப்பு 230 டிகிரி வரை தாங்கும் என்று அட்டையிலேயே போட்டிருப்பார்கள். அது சூடான பாத்திரம் இறக்கி வைக்க, தீக்கு இல்லை.

ஒன்றைத் தெளிவாக்கிக்கொண்டால் மற்றது தானாக விளங்கும். உங்களுக்கு வேண்டியது ஒரு பரப்பு இல்லை, இரண்டு. வெள்ளி உட்காரும் மேல்பரப்பு சூட்டை உறிஞ்சாமல் வெள்ளிக்கே திருப்பித் தர வேண்டும். அதற்கு அடியில் இருப்பது, மேலே என்ன நடந்தாலும் மேசைக்குச் சூடு இறங்காமல் காக்க வேண்டும். இரண்டையும் ஒரே பலகை செய்யும் என்று எதிர்பார்ப்பதால்தான் இத்தனை குழப்பமும் வருகிறது.

எங்கள் குடும்பத்தில் தலைமுறையாகத் தட்டார் வேலை. தாத்தா காலத்தில் உமியோடுதான். மண் ஓட்டில் உமியைப் பரப்பி, மேலே கரி நெருப்பு, அதில் நகையை வைத்து ஊதுகுழலால் ஊதுவார்கள். மேல் உமி எரிந்து சாம்பலாகும். நெல் உமிச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா, துகள்களுக்கு நடுவே காற்று நிறைய. சூடு கீழே இறங்கவே இறங்காது. இன்றைக்கும் இரும்பாலைகளில் உருகிய எஃகு ஆறிவிடாமல் இருக்க மேலே உமிச் சாம்பலைத் தூவுகிறார்கள். மேலே கரி, கீழே உமி. நான் சொன்ன இரண்டு பரப்பும் அந்த ஓட்டுக்குள்ளேயே இருந்தது. அடுக்ககத்தில் உமி புகையும் என்பதால் உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

சூளைக்கல், சேலம்

உமியோடு சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். நம் ஊரில் கருப்பு கிரானைட் என்று விற்பது பெரும்பாலும் டோலரைட், காப்ரோ வகைப் பாறைகள். அவற்றில் குவார்ட்ஸ் மிகக் குறைவு. ஆகவே 573 டிகிரிக் கதை சிவப்பு, சாம்பல் கிரானைட்டுக்குத்தான் சரியாகப் பொருந்தும். ஆனாலும் முடிவு மாறாது. ஓரிடச் சூட்டில் கருப்புக் கல்லும் விரிசல் விடும், பாலிஷ் மங்கும். இப்போது புதிதாக வரும் செயற்கை குவார்ட்ஸ் மேடையாக இருந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள். அதில் கல் தூளைப் பிடித்து வைத்திருப்பது பிசின்; தீ பட்டால் மஞ்சளாகிக் கருகும், அந்தக் கறை போகாது.

நான் தீச்செங்கல் தொழிலில் இருந்தவன். வீட்டு வேலைக்கு ஃபயர் பிரிக்கைவிட நல்ல அடித்தளம் எனக்குத் தெரியாது. ஆனால் கடையில் போய் வெறுமனே ஃபயர் பிரிக் என்று கேட்டால் ஏதோ ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு வகை உண்டு.

கனமான வகை கெட்டியானது, மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். ஐஎஸ் 6, ஐஎஸ் 8 என்ற தரப் பெயரில் விற்பது இது. 230, 115, 75 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு கல் நாலு கிலோவை ஒட்டி இருக்கும். அடித்தாலும் உடையாது, ஆனால் சூட்டை உறிஞ்சும். இன்னொன்று இன்சுலேஷன் பிரிக். அதே அளவுதான், கையில் எடுத்தால் பாதி எடைகூட இருக்காது, நகத்தால் கீறினால் பொடி உதிரும். உள்ளே முழுக்க நுண்ணிய காற்றறைகள். அதுதான் சூட்டைத் தடுக்கிறது. இதிலும் ஹாட் ஃபேஸ், கோல்ட் ஃபேஸ் என்று பிரிவு இருக்கிறது. தீ நேரடியாகப் படப்போவதால் ஹாட் ஃபேஸ் கேட்டு வாங்குங்கள்.

பியூட்டேன் தீயின் சூடு கணக்குப்படி 1,970 டிகிரி வரை போகும் என்பதைப் பார்த்து, கல் 1,400 டிகிரிதானே தாங்கும் என்று பயப்பட வேண்டாம். தீயின் சூடு வேறு, அது பட்ட பொருள் எட்டும் சூடு வேறு. கையடக்க டார்ச்சில் வருகிற வெப்பத்தின் அளவு குறைவு. வெட்டவெளியில் வைத்த கல்லை அந்த உச்சத்துக்கு அதனால் ஏற்ற முடியாது.

வெள்ளிக்கம்பி, சென்னை

இருவருக்கும் நன்றி. அப்படியானால் சாதாரணச் செங்கல் போதாதா? பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறது, கேட்டால் இரண்டு தருவார்கள். அப்புறம், ஃபால்ஸ் சீலிங் வேலைக்கு வந்தவர் கால்சியம் சிலிக்கேட் பலகைத் துண்டு ஒன்றை விட்டுப்போயிருக்கிறார். நகை வேலைக்கு விற்கும் பலகையும் கால்சியம் சிலிக்கேட் என்றுதான் போட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றா?

சூளைக்கல், சேலம்

ஒன்றில்லை. நல்லவேளை கேட்டீர்கள், பெயரைப் பார்த்து நிறையப் பேர் இதில் ஏமாறுகிறார்கள். சீலிங் பலகை சிமென்ட், சிலிக்கா, மரநார் கலந்து அழுத்திச் செய்தது. தீவிபத்தில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும்படி செய்திருக்கிறார்கள், தினம் டார்ச் தீயைத் தாங்க இல்லை. நார் கருகும், பலகை வளையும், சில சமயம் படபடவென்று வெடிக்கும். உலைகளுக்கும் நகை வேலைக்கும் வருவது எடை குறைந்த இன்சுலேஷன் வகை. அதிலும் 650 டிகிரி வரை ஒரு தரம், 1,000 டிகிரி வரை ஒரு தரம் என்று உண்டு. 1,000 எழுதியதை வாங்குங்கள். அந்தத் துண்டை வீசிவிட வேண்டாம், பின்பக்கச் சுவருக்கு மறைப்பாக நிறுத்தலாம். தீ நேரடியாகப் படாத தூரத்தில் அது நன்றாகவே உழைக்கும்.

சாதாரணச் செங்கலில் பிரச்சினை ஈரம். கட்டட இடத்தில் தண்ணீர் காட்டிய செங்கல் உள்ளே எவ்வளவு குடித்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அதன்மேல் தீ வைத்தால் ஆவி பிய்த்துக்கொண்டு வரும். நல்ல வெயிலில் பல நாள் காய்ந்த செங்கலை அடியில் தாங்கு கல்லாக வைக்கலாம். தீ படும் இடத்தில் வேண்டாம். புதிதாக வாங்கும் ஃபயர் பிரிக்கும் கடையில் மழையில் கிடந்திருக்கலாம். முதல் முறை பயன்படுத்தும் முன் ஓவனில் 100 டிகிரிக்குச் சற்று மேலே சில மணி நேரம் வைத்து எடுங்கள். ஓவன் இல்லையென்றால் வெயிலில் காயவிட்டு, பிறகு டார்ச்சைத் தள்ளிப் பிடித்து மெதுவாகச் சூடேற்றுங்கள்.

சூடான கல்லில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பொருளை இடுக்கியால் எடுத்துத் தனிக் கிண்ணத்தில் குளிர்வியுங்கள், கல் தானாக ஆறட்டும்.

கல்லை அறுக்க வேண்டியிருந்தால் இன்சுலேஷன் பிரிக்கைப் பழைய ஹாக்சா பிளேடே அறுத்துவிடும். நனைத்து அறுங்கள், முகக்கவசம் போடுங்கள். அந்தத் தூளில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்ப வராது. அறுத்த கல்லை மறுபடி காயவைத்த பிறகே தீ. ஃபவுண்டரிகளுக்கும் பேக்கரி அடுப்புக் கட்டுபவர்களுக்கும் பொருள் தரும் கடைகளில் கேட்டால் ஒற்றைக் கல்லாகவும் தருவார்கள்.

செம்புக்குழாய், மதுரை

ஏசி வேலையில் செம்புக்குழாய் பிரேசிங், அதாவது டார்ச்சால் குழாயைப் பற்றவைக்கும் வேலை செய்கிறவன். எங்களுக்கு மேசையே கிடையாது, சுவரை ஒட்டி, மரப் பலகையை ஒட்டி என்று கிடைத்த இடத்தில் செய்கிறோம். அடியைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள், பின்னால் இருப்பதையும் பாருங்கள். தீ பொருளைத் தாண்டிப் போகும். பின்னால் திரைச்சீலை, காலண்டர், எண்ணெய் பாட்டில் எதுவும் இருக்கக் கூடாது. மரம் 250, 300 டிகிரியில் பற்றிக்கொள்ளும் என்பது புதிதாகச் சூடாகும் மரத்துக்கு. அதைவிடக் குறைந்த சூட்டில் திரும்பத் திரும்ப வாட்டினால் உள்ளே மெல்லக் கரியாகி, பிறகு எளிதாகப் பிடிக்கும். மேசையைத் தொட்டுப் பார்க்கும்போது கை பொறுக்காத சூடு இருந்தால் அமைப்பு சரியில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் செராமிக் ஃபைபர் போர்வையைப் பின்னால் தொங்கவிட்டு வேலை செய்வோம். 1,260 டிகிரி தரம். எடையே இல்லை, வளைக்கலாம், கத்தரியால் வெட்டலாம். வீட்டுக்கும் அதுவே சுலபம்.

சூளைக்கல், சேலம்

அண்ணா, வெளியிடத்தில் எப்போதாவது செய்கிற உங்களுக்கு அது சரி. தினம் உட்கார்ந்து குனிந்து பார்க்கிற மேசையில் செராமிக் ஃபைபர் வேண்டாம் என்பது என் திடமான கருத்து. சூட்டைத் தாங்குவதில் அதற்குக் குறையே இல்லை. ஆனால் அதன் நார் மிக நுண்ணியது. புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை வைத்திருக்கிறது. திரும்பத் திரும்ப உயர்ந்த சூடு பட்டால் நார் நொறுங்கும் தன்மைக்கு வரும், சில பகுதி கிரிஸ்டோபலைட் என்ற சிலிக்காவாக மாறும். இடுக்கியால் உரசுகிற, பற்றவைக்கும் இடத்தில் தடவும் வெங்காரம் ஒட்டுகிற, தட்டிச் சுத்தம் செய்கிற இடத்தில் அது காற்றில் பறக்கும். ஒரே அறையில் சமைத்துச் சாப்பிடுகிற வீட்டில் எதற்கு அது?

செம்புக்குழாய், மதுரை

அது சரிதான். நாங்களே அதை வெட்டும்போது கையும் கழுத்தும் அரிக்கும். மேசைக்குக் கல்லே இருக்கட்டும்.

கற்கண்டு, தஞ்சாவூர்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் இனிப்பு வகைகளில் சர்க்கரையை உருக்கிப் பொன்னிறமாக்க டார்ச் பயன்படுத்துகிறேன். எனக்கும் இவ்வளவு ஏற்பாடு தேவையா? வீட்டுக் கொல்லையில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் துண்டு இருக்கிறது. தீப்பிடிக்காது என்பார்களே, அதைப் போடலாமா?

உமியோடு, கோயம்புத்தூர்

ஆஸ்பெஸ்டாஸ் எந்த வேலைக்கும் வேண்டவே வேண்டாம். சமையல் நடக்கும் இடத்தில் கேட்கவே வேண்டியதில்லை. அதன் நார் புற்றுநோய் உண்டாக்கும் என்பது சந்தேகமில்லாமல் நிறுவப்பட்டது. நோய் தெரிய இருபது, முப்பது வருடம்கூட ஆகும். கூரைத் தகடு பெரும்பகுதி சிமென்ட். தீ பட்டால் ஈரம் ஆவியாகித் தகடு வெடிக்கும், நார் வெளியே வரும். அறுக்கவோ உடைக்கவோ செய்யாமல் அப்படியே விட்டுவையுங்கள். பழைய பட்டறைகளில் ஆஸ்பெஸ்டாஸ் அட்டை சகஜமாகக் கிடந்தது. இன்றைக்கும் யாராவது சும்மா தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்.

சர்க்கரைக்கு இவ்வளவு தேவையில்லை. அது 160 டிகிரிக்கு மேல் நிறம் மாறத் தொடங்குகிறது, நீங்கள் தீ காட்டுவது சில நொடிதான். சூடு தாங்கும் பீங்கான் கிண்ணத்தை விளிம்பு உள்ள எவர்சில்வர் தட்டில் வைத்து, தீயை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் போதும். கண்ணாடிக் கிண்ணம் வேண்டாம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கிண்ணத்தின் விளிம்பில் தீ படக் கூடாது.

தட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. ஜிங்க் பூசிய தகரம் தீயின் அருகில் இருக்கவே கூடாது. துத்தநாகம் 419 டிகிரியில் உருகி 907-ல் கொதிக்கும், அந்தப் புகையை உள்ளிழுத்தால் அன்றிரவே குளிர் காய்ச்சல் வரும். அலுமினியத் தட்டு 660-ல் உருகும், உருகும் முன் நிறம் மாறி எச்சரிக்கவும் செய்யாது. வெள்ளிக்கம்பிக்கு இன்னொன்று: பற்றவைக்கும் பொடி (உருகி இணைப்பை ஒட்டும் உலோகக் கலவை) வாங்கும்போது காட்மியம் இல்லாததா என்று கேட்டு வாங்குங்கள். காட்மியம் 767 டிகிரியில் கொதிக்கும், வெள்ளி பற்றவைக்கும் சூடே ஏறக்குறைய அதுதான். அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். எங்கள் தொழிலில் பெரியவர்கள் பலர் அதைத் தெரியாமலேயே சுவாசித்து வாழ்ந்தார்கள்.

வெள்ளிக்கம்பி, சென்னை

எல்லாம் வாங்கி அமைத்துவிட்டேன். மர மேசை, அதன்மேல் எவர்சில்வர் தட்டு, அதில் காய்ந்த செங்கல் துண்டுகளை ஓரங்களில் வைத்து இடைவெளி விட்டு, மேலே கனமான ஃபயர் பிரிக். பின்னால் சீலிங் பலகைத் துண்டு. மேசை கொஞ்சம்கூடச் சுடவில்லை. ஆனால் வேலை நடக்கவில்லை. வகுப்பில் இதே டார்ச்சில் சட்டென்று உருகி ஓடிய பொடி இங்கே எவ்வளவு ஊதினாலும் ஓட மாட்டேன் என்கிறது. வெங்காரம் கருத்துப்போகிறது. டார்ச் போதவில்லையா?

உமியோடு, கோயம்புத்தூர்

டார்ச் போதும். மேல்பரப்புதான் இன்னும் வரவில்லை. கனமான ஃபயர் பிரிக் உங்கள் வெள்ளியிலிருந்து சூட்டைக் குடித்துக்கொண்டிருக்கிறது. எல்லா உலோகங்களிலும் வெப்பத்தை வேகமாகக் கடத்துவது வெள்ளி. ஓரிடத்தில் கொடுத்தது உடனே முழுப் பொருளுக்கும் பரவி, கல்லைத் தொடும் இடம் வழியாகக் கீழே போகிறது. பொடி ஓட வேண்டுமானால் மோதிரம் முழுவதும் 700 டிகிரிக்கு மேல் ஒரே சீராக நிற்க வேண்டும். 925 வெள்ளி (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி உள்ள கலவை) 800 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கி 893-ல் முழுதும் உருகிவிடும். உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி சிறியது. நீண்ட நேரம் ஊதினால் வெங்காரம் தீர்ந்துபோய் வெள்ளி கருக்கும், அப்புறம் எவ்வளவு சூடு கொடுத்தாலும் பொடி ஒட்டாது.

இன்சுலேஷன் பிரிக்கை ஓர் அங்குலப் பலகையாக அறுத்து கனமான கல்லின் மேல் வையுங்கள். கரிக்கட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. கரி தானும் கனன்று சூட்டைத் திருப்பித் தரும், பொருளைச் சுற்றிக் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் தின்றுவிடும். அதனால் வெள்ளி குறைவாகவே கருக்கும். கரிக்கட்டியைச் சுற்றி இரும்புக் கம்பி கட்டிவிடுங்கள், இல்லையென்றால் சூட்டில் பிளக்கும். தேன்கூடு போலத் துளையுள்ள செராமிக் பலகையும் விற்கிறார்கள். மோதிரத்தின் அடி அதை ஆங்காங்கே மட்டும் தொடுவதால் சூடு வீணாகாது. துளையில் ஊசி குத்திப் பொருளை நிறுத்தவும் வசதி.

சின்ன வேலைக்கு இரண்டு இன்சுலேஷன் துண்டுகளை மூலையாக நிறுத்தி, நடுவில் பொருளை வைத்துப் பாருங்கள். தப்பிப் போகும் சூடு திரும்பி வரும். அதே சூடு உங்கள் கைக்கும் டார்ச் டப்பாவுக்கும் திரும்பி வரும் என்பதை மறக்க வேண்டாம். டப்பாவை 50 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும். டப்பா கதகதப்பாகத் தெரிந்தால் நிறுத்திவிட்டு ஆறவிடுங்கள்.

இன்னொன்று, வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டாம். வெள்ளி மங்கிய சிவப்புக்கு வருவது நிழலில்தான் கண்ணுக்குத் தெரியும். காற்றோட்டம் இருக்கட்டும், ஆனால் மின்விசிறி நேராகத் தீயில் அடிக்கக் கூடாது.

வெள்ளிக்கம்பி, சென்னை

இன்சுலேஷன் துண்டு வைத்ததும் பொடி ஓடிவிட்டது. மூலையாக நிறுத்தியது பெரிய வித்தியாசம். ஆனால் வெங்காரம் உருகிக் கல்லில் கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொள்கிறது, அடுத்த மோதிரமும் அதில் ஒட்டுகிறது. கரிக்கட்டியும் வாங்கினேன். வேலை முடித்து எவ்வளவு நேரம் கழித்து அதை எடுத்து வைக்கலாம்?

சூளைக்கல், சேலம்

வெங்காரம் 743 டிகிரியில் உருகும், உருகினால் கல்லோடு சேர்ந்து கண்ணாடியாகிவிடும். அடுத்த முறை அந்தக் கண்ணாடி மறுபடி இளகிப் பொருளைப் பிடித்துக்கொள்ளும். கல் ஆறிய பிறகு அந்த இடத்தை நனைத்து, பழைய கத்தியால் சுரண்டுங்கள், அல்லது இன்னொரு துண்டோடு உரசிச் சமப்படுத்துங்கள். நனைத்ததை நன்றாகக் காயவிட்ட பிறகே அடுத்த வேலை. ஒரு முகத்தை வெங்காரத்துக்கென்று ஒதுக்கிவிட்டு, சுத்தமான முகத்தை உருண்டை, தகடு வேலைக்கு வைத்துக்கொள்வதும் நல்லது.

உமியோடு, கோயம்புத்தூர்

கரி பற்றி நான் சொல்கிறேன். நேரக் கணக்கை நம்பாதீர்கள். வெளியே கருப்பாக ஆறியது போலத் தெரிந்தாலும் உள்ளே ஒரு மூலையில் கனல் இருக்கும், மெல்ல எரிந்துகொண்டே போகும். எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் விடும், அதற்கு வாசனை கிடையாது. வேலை முடிந்ததும் கனல் தெரியும் இடத்தில் நீரைத் தெளித்து அணைத்து, மூடி இறுகப் பிடிக்கும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, டப்பாவைக் கல்லின் மேலேயே இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் திறந்து, புறங்கையை வைத்துப் பார்த்துச் சில்லென்று இருந்தால் அலமாரிக்குப் போகலாம். ஈரம் பட்ட கட்டியை வெயிலில் ஒரு நாள் காயவிட்டு எடுங்கள். கேஸ் டப்பாக்கள் அந்த அலமாரியில் இருக்கக் கூடாது, டார்ச்சும் சேர்த்துத்தான்.